காடியை இறக்கும் முன் அப்சார்பரைப் பாருங்கள்

மெர்போக்கிலிருந்து செமெலிங் வழியாகப் பீடோங் போகும் ரோடு மோசமில்லை. அதைவிட்டு விலகி ஒரு தோட்டத்துக்குள் திரும்பினால் கதை வேறு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் மழைக்காலத்தில் அழுத்திப்போட்ட தடங்கள், வெயிலில் இறுகிப்போன செம்மண் மடிப்புகள், கோயில் முன்னாலும் பள்ளி முன்னாலும் அளவே பார்க்காமல் கொட்டிவைத்த பொங்கோல்கள். இந்தப் பாதையில் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு மைவியையோ பழைய வீராவையோ இறக்கி ஓட்ட வேண்டும் என்று பையன்கள் ஆசைப்படுவதில் தப்பில்லை. இறக்கிய காடி அழகாகத்தான் இருக்கிறது. முறையாகச் செய்தால் வளைவில் நன்றாகவும் நிற்கிறது. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை முதலில் எதில் போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலோர் ஸ்பிரிங்கில் போடுகிறார்கள். அப்சார்பரில் போட வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்பிரிங்கிலிருந்தே தொடங்குவோம். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சுருங்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் எழுதிவைத்த விதிதான் இன்றைக்கும் காடிக்கு அடியில் வேலை செய்கிறது. பார்வைக்குச் சுருள் மேலும் கீழும் அமுங்குவதாகத் தெரியும். உள்ளே கம்பிக்கு நடப்பது முறுக்கம். ஈரத்துணியைப் பிழியும்போது துணிக்கு நடப்பது போல. அதனால் கம்பியின் தடிமன்தான் ராஜா. கம்பியின் விட்டம் கூடினால் அதன் நான்காம் அடுக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் போட்டால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க விறைப்பு 38 விழுக்காடு ஏறிவிடும். கடையில் இரண்டு ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் கண்ணுக்கே தெரியாது. பெயின்ட் நிறத்தையும் பெட்டியில் இருக்கும் படத்தையும் நம்பாமல் விறைப்பு எத்தனை, எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த எண்களைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

விறைப்பு கூடினால் உடம்புக்கு என்ன ஆகிறது? ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்திருக்கும் காடிக்கு ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. சாதாரணக் குடும்பக் காடி வினாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை முறை ஆடும். ஒரு முன்சக்கரத்தின்மேல் 270 கிலோ உட்கார்ந்திருக்கிறது, அங்கே விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 1.37 வரும். ஸ்பிரிங்கை 30 விழுக்காடு விறைப்பாக்கினால் 1.56 ஆகும். இது தாங்கக்கூடியதே. மனித உடம்பு மேல்கீழ் அதிர்வில் மிகவும் நோவது வினாடிக்கு நான்கிலிருந்து எட்டு முறை ஆடும்போது. வயிறும் முதுகுத்தண்டும் அங்கேதான் முனகும். நல்ல ஸ்போர்ட் ஸ்பிரிங் அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. அப்படியானால் இறக்கிய காடியில் பாட்டி ஏன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்?

விறைப்பைவிட மிச்சமிருக்கும் தூரம்தான் அதற்குக் காரணம். நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே போக எட்டு சென்டிமீட்டர் இடம் இருந்தது, காடியை நான்கு சென்டிமீட்டர் இறக்கிவிட்டோம் என்றால் மிச்சம் நான்கு. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தில் போவதால், பாதித் தூரத்தில் அதே பள்ளத்தின் அடியை வாங்க நான்கு மடங்கு விறைப்பு வேண்டும். நான்கு மடங்கு விறைப்பில் யாரும் வேலைக்குப் போய்வர முடியாது. கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் 20, 30 விழுக்காடு கூடுதலாக இருக்கும். மீதி அடியை வாங்குவது அப்சார்பர் தண்டில் கோத்திருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற சின்ன நுரைக்கட்டை. அது தொட்ட மாத்திரத்தில் விறைப்பு எகிறும். பாட்டியின் இடுப்பில் விழுவது அந்த அடி. அடிக்கடி அது தட்டினால் கொஞ்ச நாளில் பொடியாகிவிடும். பிறகு இரும்பும் இரும்பும் மோதும். நம் தோட்டத்து ரோட்டுக்கு 25 மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் 30. அதற்குமேல் இறக்குகிறவர்கள் வார இறுதிக் காடி வைத்திருப்பவர்களாக இருக்கட்டும்.

பட்டறையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மில்லிமீட்டரில் இருப்பதில்லை, விரலில்தான் இருக்கும்.

“அண்ணே, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல ரெண்டு விரல் போனா போதும்.”

“நிக்கிறப்ப ரெண்டு விரல், சரி. பின்னால உங்க அம்மா, அக்கா, அக்கா புள்ளைங்க எல்லாம் ஏறுனா எத்தன விரல் தம்பி?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடையுள்ள சின்னக் காடியில் பின்னால் மூன்று பேர் ஏறினால், அந்தப் பாரத்தில் பெரும்பங்கைப் பின் ஸ்பிரிங் வாங்குகிறது. இறக்கிவைத்ததோடு இன்னும் சில சென்டிமீட்டர் அதுவாகவே இறங்கும். நல்ல மெக்கானிக் டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கு மூலைக்கும் எழுதிக்கொள்வார். டயர் அளவு மாறினாலும் இந்த அளவு பொய் சொல்லாது. பிறகு ஆளை ஏற்றி இன்னொரு முறை அளப்பார். அப்படி அளக்கிற பட்டறையைக் கண்டால் விட்டுவிடாதீர்கள்.

காசு மிச்சம் என்று ஸ்பிரிங்கை வெட்டுகிறார்களே, அதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆறு சுற்றில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். அதுவரை கணக்கு சரிதான். ஆனால் தட்டில் சமமாக உட்காரும்படி செய்த முனை போய்விடுகிறது. பொங்கோலைத் தாண்டிச் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையைவிட்டுக் கழன்று, திரும்ப விழும்போது கோணலாக உட்காரும். கேஸ் டார்ச்சால் சூடாக்கி அமுக்குவது இதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகின் உரம் அதைப் பதப்படுத்திய சூட்டில் இருக்கிறது; சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். ஒரு பக்கம் ஒரு மாதத்திலும் மறுபக்கம் மூன்று மாதத்திலும் தொங்கும். இதற்குச் சமாதானமே கிடையாது, செய்யாதீர்கள்.

இனி அப்சார்பர். அடியைத் தாங்குவது இதுதான் என்று நினைப்பவர் பலர். அடியைத் தாங்குவது ஸ்பிரிங். தாங்கியதைத் திருப்பித் தள்ளும்போது காடி ஆடாமல் பார்த்துக்கொள்வது அப்சார்பர். குழாய்க்குள் எண்ணெய், அதில் சின்னத் துளைகள் உள்ள பிஸ்டன். எண்ணெய் துளை வழியே நெருக்கியடித்துப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. நல்ல அப்சார்பர் உள்ள காடியில் ஒரு முழு ஆட்டம் முடிவதற்குள் ஆட்டத்தின் அளவு ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதே அப்சார்பர் தேய்ந்து பாதி வலுவை இழந்தால் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் மிச்சம் இருக்கும். அந்த ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பி நிற்கும் நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. இந்த நிலையில் இருக்கும் அப்சார்பர்மேல் விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டினால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. 35 விழுக்காடு கூடுதல் விறைப்பை அடக்க அப்சார்பருக்குப் பழையதைவிட 16 விழுக்காடு கூடுதல் வலு வேண்டும். தேய்ந்ததிடம் அதை எங்கே தேடுவது?

புரோட்டோன் 1996இல் பிரிட்டனின் லோட்டஸை வாங்கிய பிறகு வந்த சத்ரியா ஜிடிஐ இன்றைக்கும் நம் பையன்களுக்குக் கனவுக் காடி. லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்த சஸ்பென்ஷன் அது. லோட்டஸ் பள்ளியின் பாடம் பழையது: ஸ்பிரிங் மென்மையாக இருக்கட்டும், அப்சார்பர் கண்டிப்பாக இருக்கட்டும். இறக்குவதை மட்டும் காப்பியடித்துவிட்டு இந்தப் பாடத்தை விட்டுவிட்டோம்.

புது அப்சார்பருக்குப் பணம் போதவில்லை என்றால் ஹாஃப்கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழையது கிடைக்கிறது. வாங்கலாம், ஆனால் பார்த்து. தண்டை நகத்தால் தடவுங்கள். சொரசொரப்பு இருந்தால் அது சீலைக் கிழிக்கும். செங்குத்தாக நிறுத்தி முழுதாக அமுக்கி இழுத்து, நான்கைந்து தடவை செய்யுங்கள். எதிர்ப்பு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது கை சட்டென்று வெற்றாக நழுவினால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஜோடியில் இரண்டும் ஒரே மாதிரி எதிர்க்க வேண்டும்.

ஹைலோ என்று நம்மவர்கள் சொல்லும் அட்ஜஸ்டபிள் செட்டில் இரண்டு வகை. ஸ்பிரிங் தட்டை மட்டும் திருகி இறக்குவது ஒன்று. இதில் அப்சார்பரின் மிச்சத் தூரம் குறைந்துகொண்டே போகும். அடிப்பாகமே திருகி நகரும் பாடி ஷிஃப்ட் வகை இன்னொன்று. இதில் உயரம் குறைந்தாலும் தண்டின் ஓட்டம் அப்படியே இருக்கும். வாங்கினால் இரண்டாவதை வாங்குங்கள். மலிவு செட்டின் முதல் வகையைவிட, நல்ல பெயருள்ள சாதாரண அப்சார்பரும் அளவோடு இறங்கும் ஸ்பிரிங்கும் எவ்வளவோ மேல்.

முன்பக்கத்தை மட்டும் இறக்கி மூக்குக் குத்தவைக்கும் பழக்கமும் இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மோரிஸ் ஆலி 1930களிலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். மேடு முதலில் முன்சக்கரத்தைத் தட்டுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டரை மீட்டர் பின்னால் இருக்கும் சக்கரத்தை வினாடியில் ஏழில் ஒரு பங்கு கழித்துத் தட்டுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துக் காடி சமமாக அடங்கும். முன் ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால் இது தலைகீழாகி, காடி தலையாட்டிக்கொண்டே போகும். முன்பக்க மக்ஃபர்சன் அமைப்பில் இன்னொரு வினையும் உண்டு. ஏர்ல் மக்ஃபர்சன் ஃபோர்டுக்குச் செய்துகொடுத்த இந்த எளிய அமைப்புதான் மைவியிலும் வீராவிலும் முன்னால் இருக்கிறது. அதிகமாக இறக்கினால் கீழ்க்கை வெளிமுனையில் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது காடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காடியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இறக்கிய காடி வளைவில் முன்னைவிடக் கூடுதலாகச் சாய முயலும் விசித்திரம் இதிலிருந்துதான் வருகிறது.

எல்லாவற்றுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் புஷ்ஷை யாரும் கவனிப்பதில்லை, அதுவும் பால்மரம் வெட்டிப் பிழைத்த ஊர்களில். கெடா சுல்தான் அப்துல் ஹாலிம் பெயர் தாங்கி 2014இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலமே நிலநடுக்கத்துக்காக இயற்கை ரப்பர் தாங்கிகளின்மேல்தான் நிற்கிறது. காடிக்கு அடியில் இருக்கும் புஷ் முறுக்கத்தையும் வாங்கும், ஆனால் ஓர் எல்லைக்குள். காடியை ஜாக்கில் தூக்கிவைத்து, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் புஷ் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு. பட்டறையில் இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் காசில்லை.

பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் நான்கு அப்சார்பரும் பம்ப் ஸ்டாப்பும், பிறகு கிழிந்த புஷ், பிறகு நான்கு ஸ்பிரிங். அப்சார்பரோடு நின்றுவிட நேர்ந்தாலும் நஷ்டமில்லை. ஸ்பிரிங்கோடு நின்றால் நஷ்டம். மாற்றும் முன் ஜேபிஜே விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். காடியை விற்றுப் பெயர் மாற்றும்போது பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பதால் கழற்றிய பழைய ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். புதுச் சுருள் ஓட ஓட இன்னும் கொஞ்சம் அமரும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு அலைன்மெண்ட் செய்யுங்கள். அந்த வாரத்தில் டயரின் உள்விளிம்பை ஒருமுறை குனிந்து பாருங்கள். இறக்கிய காடியில் தேய்மானம் முதலில் தெரிவது அங்கேதான்.