உங்களுக்குத் தெரியுமா? மலையை விஞ்சாத மாநகரம்

கனடா தேசத்து மாண்ட்ரியால் மாநகரின் நடுவே ஓங்கி நிற்கும் மவுண்ட் ராயல் மலையிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் நிலவுடைமையாளர் ஒருவர் விறகுக்காக மரங்களை வெட்டிச் சாய்த்தபோது ஜனங்கள் கொண்ட ஆவேசமே, நகராட்சி அந்நிலங்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கியவருள் ஒருவரான பிரெடெரிக் லா ஓல்ம்ஸ்டெட்டிடம் அமைப்புப் பணியை ஒப்படைத்து, 1876 மே 24ஆம் தேதி பொதுப் பூங்காவாகத் திறந்து வைப்பதற்குத் தூண்டுகோலாயிற்று. 2005இல் கியூபெக் அரசாங்கம் அம்மலையைச் சரித்திர, இயற்கைப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தது. அதனினும் போற்றத்தக்கது வேறொன்று: வர்த்தக மாளிகைகள் போட்டியிட்டு எழும் நகர மத்தியிலேகூட, மலையுச்சியின் உயரத்தையொட்டி வகுத்த கடல்மட்டத்துக்கு மேல் 232.5 மீட்டர் என்னும் அளவை எந்தக் கட்டடமும் தாண்டலாகாது என்பது அந்நகரத் திட்டத்தின் விதி. மதுரை யானைமலை முதலான நம் குன்றுகளுக்கும் இத்தகைய விதியொன்றை நாம் அவசியம் கேட்டுப் பெற வேண்டும்.