தானுந்து வண்ணப்பூச்சு மெருகூட்டல்

தானுந்து வண்ணப்பூச்சு மெருகூட்டல் என்பது தானுந்தின் மேற்பூச்சை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, பின்னர் காம்பவுண்டு, பாலிஷ் ஆகிய களிம்புகளால் பளபளப்பாக்கும் செயல்முறை ஆகும். பூச்சில் ஒட்டிய தூசி, பூச்சு வழிந்த தடம், ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற மேடுபள்ளம், மெல்லிய கீறல் ஆகியன இதனால் நீங்குகின்றன. இம்முறை பூச்சைக் குறைக்கிறதே தவிரக் கூட்டுவதில்லை. எனவே தேய்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. கடலூர், சிதம்பரம் போன்ற கடலோரப் பகுதிகளில் இவ்வெல்லையைக் கடப்பது விரைவில் துருவுக்கு வழிவகுக்கும்.

பூச்சின் அடுக்குகள்

இன்றைய தானுந்துகளில் எஃகுத் தகட்டின் மேல் பிரைமர், நிற அடுக்கு, நிறமற்ற கிளியர் கோட் ஆகியன முறையே அமைகின்றன. இவற்றின் மொத்தத் தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்கிரோமீட்டர் ஆகும். இதில் கிளியர் கோட் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்கிரோமீட்டர் மட்டுமே. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருட்கள் இவ்வடுக்கில் உள்ளன. இது மிக மெலிந்தால் நிறம் வெளிறும், பூச்சு உரியும்.

செயற்படும் விதம்

சமமான பரப்பு ஒளியை ஒரே திசையில் எதிரொளிக்கிறது. கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பரப்பு மங்கலாகத் தெரிகிறது. தேய்க்கும்போது கீறல் நிரப்பப்படுவதில்லை. சுற்றியுள்ள பூச்சே கீறலின் அடிமட்டம் வரை இறக்கப்படுகிறது. ஆகவே கிளியர் கோட்டைக் கடந்து சென்ற கீறலை மெருகூட்டி நீக்க முடியாது, மறுபூச்சே தேவை.

செய்முறை

1. வண்டியை நன்னீரால் கழுவ வேண்டும். ஒட்டியுள்ள மணலும் உப்பும் புதிய கீறல்களை உண்டாக்கும்.
2. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியது. அவற்றை ஒட்டுநாடாவால் மறைக்க வேண்டும்.
3. 1500 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து, மென்மையான கட்டையில் சுற்றி, குறையுள்ள இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். இத்தாளின் மணிகள் சராசரியாக 13 மைக்கிரோமீட்டர் அளவுடையவை.
4. பின்னர் 2000, 3000 எண் தாள்களால் முந்தைய தாளின் கீறல்களை நீக்க வேண்டும்.
5. காம்பவுண்டும் பாலிஷும் இட வேண்டும். இயந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தினால் வெப்பத்தால் பூச்சு கருகும்.

தடிப்புமானி இருப்பின் ஒவ்வொரு படியிலும் அளப்பது நன்று.

கடலோரப் பகுதிகளில்

கடற்காற்றிலுள்ள உப்பு கரையருகே மிகுதியாகவும், உள்ளே செல்லச் செல்லக் குறைவாகவும் படிகிறது. எனவே கரையிலேயே அமைந்த கடலூரில், சற்று உள்ளே அமைந்த சிதம்பரத்தை விட இதன் தாக்கம் மிகுதி. விளிம்பில் பூச்சு தேய்ந்து தகடு வெளிப்பட்டால், உப்பும் ஈரமும் சேர்ந்து அவ்விடத்தில் துருவை விரைவுபடுத்தும்.

மறுபூச்சு வேலையில் நீரின் தரமும் முக்கியமானது. உவர்நீரால் பிரைமரைத் தேய்த்துச் சரியாகக் கழுவாமல் விட்டால், எஞ்சும் உப்பு புதிய பூச்சின் அடியில் ஈரத்தை ஈர்த்துக் கொப்புளங்களை உண்டாக்கும். பாலியெசுத்தர் பட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் அதனை உலர்நிலையிலேயே தேய்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாதலால் கூடுதல் கவனம் தேவை.

வரலாறு

உலர்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி தொழிலாளருக்குத் தீங்கு விளைவித்தது. பிரான்சிசு ஓக்கி கண்டுபிடித்த நீர்புகாத் தாளை அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1921இல் வெளியிட்டது. நீருடன் தேய்ப்பதால் தூசி குறைந்தது. தானுந்துப் பட்டறைகளில் இது விரைவில் பரவியது. இந்தியாவில் தேய்ப்புப் பொருட்களைத் தயாரிக்கும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் சென்னையில் தொடங்கப்பட்டது.

பாதுகாப்பு

உலர்நிலையில் தேய்ப்போர் தூசி வடிகட்டும் முகமூடி அணிய வேண்டும். மறுபூச்சுக்குப் பயன்படும் கடினமாக்கிகள் பலவற்றில் ஐசோசயனேட்டு உள்ளது. அதன் தெளிப்புப் புகை ஆத்துமாவை உண்டாக்கக் கூடியது. துணியால் முகத்தைக் கட்டிக்கொள்வது இதற்குப் போதிய பாதுகாப்பு ஆகாது. தூய காற்றைக் குழாய்வழி அளிக்கும் முகமூடியே பரிந்துரைக்கப்படுகிறது.