எலும்பு சேரும்வரை இரு, பிறகு கரைந்து போ

கை கால் முறிந்து 'பிளேட்' வைத்துக்கொண்ட ஒருவராவது இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு. எலும்பு சில மாதங்களில் சேர்ந்துவிடும். உள்ளே வைத்த டைட்டானியமோ எஃகோ ஆயுளுக்கும் அங்கேயே கிடக்கும். பெரியவர்கள் பலருக்கு அதனால் தொல்லையில்லை. வளரும் பிள்ளைகளுக்கு அப்படி விட்டுவிட முடியாது. பல நேரம் மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி. வேலை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் உலோகம் கிடைத்தால் அந்த இரண்டாவது ஆபரேஷனே வேண்டாம்.

யோசனை பழையது. 1878-ல் எட்வர்ட் ஹூஸ் என்ற மருத்துவர் ரத்தக்குழாய்களைக் கட்ட மக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தினார். பெல்ஜியத்தின் அறுவை மருத்துவர் லம்பொத், 1907-ல் முறிந்த முழங்கால் கீழ் எலும்பை மக்னீசியத் தகடு வைத்து, தங்க முலாம் பூசிய எஃகு ஆணிகளால் இறுக்கினார். எட்டே நாளில் தகடு சிதைந்தது; தோலுக்கு அடியில் வாயு திரண்டது. இரு வேறு உலோகங்கள் உடல் திரவத்தில் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடும். அதில் முதலில் அழிவது மக்னீசியம்தான்.

இருந்தும் மக்னீசியத்தை மருத்துவ உலகம் முற்றிலும் மறந்துவிடவில்லை. அது உடம்புக்கு அந்நியமல்ல. நம் ஒவ்வொருவரிடமும் சுமார் 25 கிராம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எலும்பில். விறைப்பும் தோதானது. டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 ஜிகாபாஸ்கல், மக்னீசியம் 45, கெட்டியான எலும்பு 10 முதல் 30 வரை. மிகவும் விறைப்பான தகடு பாரத்தையெல்லாம் தானே சுமந்துகொள்ள, வேலையிழந்த எலும்பு மெலிகிறது. மக்னீசியத்தில் அந்தத் தொல்லை குறைவு. சிக்கல் வேகத்தில்தான். ஒரு கிராம் மக்னீசியம் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். மெல்லக் கரைந்தால் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்பட்டால் லம்பொத் கண்டதுதான் நடக்கும். இரும்பு இதற்கு நேரெதிர்: வருடக்கணக்கில் அசையாது. துத்தநாகம் கரையும் வேகம் இரண்டுக்கும் நடுவே. ஆனால் தனியாக அது பலம் போதாதது.

இங்கேதான் த்ரீ-டி பிரின்டிங் வருகிறது. உலோகத் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, கோலம் இழுப்பதுபோல லேசர் கதிரால் வேண்டிய கோட்டில் மட்டும் உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காக எழுப்புகிறார்கள். நோயாளியின் சி.டி. ஸ்கேனைப் பார்த்தே, இழந்த எலும்பின் அச்சு அசலான வடிவத்தை வலைப்பின்னலாக அச்சிடலாம். அதன் துளைகளுக்குள் புதிய எலும்பும் ரத்தக்குழாய்களும் வளரும். மக்னீசியம் இதற்கு எளிதில் இணங்குவதில்லை. 650 டிகிரியில் உருகி 1,090-ஐ ஒட்டிக் கொதிக்கிறது. லேசர் பட்டதும் எழும் ஆவி கதிரையே மறைக்கிறது. தூளோ தீப்பற்றக்கூடியது, ஆர்கான் வாயு சூழ்ந்த அறைக்குள்தான் வேலை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவினர் 2018-ல் வெளியிட்ட முடிவுகள் முக்கியமானவை. இட்ரியம் கலந்த மக்னீசியக் கலவையில் அவர்கள் அச்சிட்ட வலைப்பின்னல் நான்கு வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்தது. பலமோ பஞ்சு எலும்பின் அளவிலேயே நின்றது. அதே குழுவின் இரும்பு வலைப்பின்னல் 28 நாளில் சுமார் 3 சதவீதம் எடை இழந்தது. சொற்பம்தான், ஆனால் வழக்கமான இரும்புக் கட்டியைவிடப் பலமடங்கு வேகம். துளைகள் பரப்பைக் கூட்டுகின்றன, பரப்பு கூடினால் கரைதல் கூடுகிறது. இரும்புக்கு மருந்தாகும் அதே துளைகள் மக்னீசியத்துக்கு ஆபத்து. எந்த உலோகம் என்பதோடு எந்த வடிவம் என்பதும் கரையும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இந்தத் துறையின் மிகப்பெரிய நம்பிக்கை இதுதான் என்பேன்.

மருத்துவமனைக்கு வந்திருப்பவை இன்னும் எளிய பொருள்கள். ஜெர்மனியின் மக்னெசிக்ஸ் திருகு 2013-ல் ஐரோப்பிய அங்கீகாரம் பெற்றது. பின்லாந்தின் பயோரெடெக் தயாரித்த திருகுக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. இவை அச்சிடப்பட்டவை அல்ல. அச்சிட்ட மக்னீசியம் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் இருக்கிறது.

பிள்ளைக்குப் பிளேட் வைக்கச் சொன்னால், அதைப் பின்னர் எடுக்க வேண்டுமா, கரையும் திருகு பொருந்துமா என்று ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மக்னீசியத் திருகு வைத்தவர்களின் எக்ஸ்ரேயில் முதல் சில மாதங்களுக்குத் திருகைச் சுற்றிக் கருநிழல் தெரியலாம். பெரும்பாலும் அது ஹைட்ரஜன். விவரம் தெரியாதவர் கண்ணுக்குச் சீழ்த்தொற்றாகத் தோன்றும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்துப் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.