கடைக் கம்ப்யூட்டரில் ‘இடம் இல்லை’: லினக்ஸ் வைத்திருப்போர் கவனத்திற்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்து வந்த இலவச ஆதரவு முடிந்தது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போட மனமில்லாத வணிகர்கள் பலர், அவற்றில் உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற லினக்ஸ் வகைகளைப் போட்டுக்கொண்டார்கள். பில் போடுவதும், சரக்கு இருப்பைப் பார்ப்பதும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் பிரவுசரிலேயே நடந்துவிடுவதால் மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. மென்பொருளுக்கு விலை இல்லை, வைரஸ் தொல்லையும் குறைவு. நல்ல முடிவுதான்.

ஆனால் ஓராண்டு, ஈராண்டு ஓடிய பிறகு ஒரு புகார் வருகிறது. “அப்டேட் ஆக மறுக்கிறது, ஏதோ ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகிறது” என்கிறார்கள். உடனே கடைப் பையனோ, தெரிந்த தம்பியோ உட்கார்ந்து, பெரிதாகத் தெரிகிற கோப்புகளை அழிக்க ஆரம்பிக்கிறார்கள். நாம் அஞ்சுவது அப்டேட் நின்றதைப் பற்றி அல்ல, இப்படி அழிப்பதைப் பற்றித்தான். அப்டேட் நின்றால் கடை ஒரு நாள் ஓடும். கணக்கு அழிந்தால்?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் காலம் இன்னும் நீளும். கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர் அதற்கு முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்று விதிகளும் கூறுகின்றன. ஆகவே இடம் போதவில்லை என்று கை வைக்கும் முன் எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் செய்தியைப் படியுங்கள்

லினக்ஸ் காட்டும் பிழைச் செய்தி நீளமாக இருக்கும். பெரும்பாலும் கடைசி நாலைந்து வரிகளில்தான் விஷயம் இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவரிடம் “ஏதோ எரர்” என்று சொல்வதைவிட அந்தப் படம் பத்து மடங்கு பயன்படும்.

“நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்” என்று இருந்தால் இடம் நிரம்பிவிட்டது என்று பொருள். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம். “குட் நாட் கெட் லாக்” என்று வந்தால் பழுதே இல்லை. காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அது தானாகவே பாதுகாப்பு அப்டேட்டுகளை இறக்கத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் நாமும் அப்டேட் கொடுத்தால், ‘பூட்டு வேறொருவர் கையில் இருக்கிறது’ என்கிறது. கால் மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள். இருவர் ஒரே நேரத்தில் ஒரே பேரேட்டில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். வேண்டாம்.

அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போய்விட்டால், அடுத்த முறை “டி-பேக்கேஜ் வாஸ் இன்டரப்டட்” என்ற பொருளில் ஒரு செய்தி வரும். பாதியில் நின்ற வேலையை எந்தக் கட்டளையால் முடிக்கலாம் என்பதையும் அந்தச் செய்தியே எழுதிக் காட்டும். அதை அப்படியே பார்த்து அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம். அப்டேட் செய்யும் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருக்க வேண்டும். தீபாவளி வியாபாரம் நடக்கிற வாரத்தில் அப்டேட்டைத் தொடாதீர்கள். வார விடுமுறைக்கு முந்தைய இரவு, கடை அடைத்த பிறகுதான் அதற்கு உகந்த நேரம்.

“404 நாட் ஃபவுண்ட்” என்று வந்தால், கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டியல் பழையது. போன மாத விலைப்பட்டியலைக் காட்டி மொத்தக் கடையில் சரக்குக் கேட்பது போன்றது. முதலில் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். “ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்” என்பது விசித்திரமான செய்தி. இதற்குக் காரணம் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்னோக்கிப் போயிருப்பது. மதர்போர்டில் ‘சி.ஆர். 2032’ என்ற வட்டமான சிறு பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால், கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போய்விடும். இணையம் கிடைத்ததும் லினக்ஸ் தேதியைத் தானே திருத்திக்கொள்ளும். இணையம் வரத் தாமதமான காலை நேரத்தில் போட்ட பில்களில் தவறான தேதி ஏறிவிடும் என்பதுதான் நமக்குக் கவலை. அப்டேட் பிழையைத் தேடப்போய் பில் தேதிப் பிழை அகப்படுவது உண்டு.

இன்னொரு வகை, பிழையே காட்டாத வகை. உபுண்டுவில் நீண்ட ஆதரவுள்ள பதிப்புகளுக்கு ஐந்தாண்டு வழக்கமான ஆதரவு உண்டு. 18.04 பதிப்புக்கு 2023-இலும், 20.04 பதிப்புக்கு 2025-இலும் அது முடிந்துவிட்டது. அதன் பிறகு, கூடுதல் ஆதரவுக்குப் பதிவு செய்யாதவர்களுக்கு “எல்லாம் புதிதாக இருக்கிறது” என்றே காட்டும். உண்மையில் புதிது எதுவும் வருவதில்லை, அவ்வளவுதான். இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம் மட்டுமே ஆதரவு. கடைக்கு அவை ஆகாது.

எந்த அறை நிரம்பியது?

இனி இடத்துக்கு வருவோம். டெர்மினலைத் திறந்து டி, எஃப் என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஒட்டி எச் என்று அடித்தால், டிஸ்க்கின் பகுதிகள் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் நிரம்பியுள்ளன என்று பட்டியல் வரும். பகுதி என்று சொன்னதைக் கவனியுங்கள். டிஸ்க் ஒன்றாக இருந்தாலும் உள்ளே அறைகள் தனித்தனியாகத் தடுக்கப்பட்டிருக்கலாம். 500 ஜி.பி. டிஸ்க்கில் 300 ஜி.பி. காலியாக இருக்கும்போதே ‘இடம் இல்லை’ என்று வருவதற்கு இதுதான் காரணம்.

அதிகம் மாட்டுவது ‘பூட்’ என்ற சின்ன அறை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் வசதியோடு லினக்ஸ் போட்டவர்களுக்கு இது தனி அறையாக இருக்கும். கெர்னல் எனப்படும் மூல நிரல் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டிலும் புதிய கெர்னல் வரும்போது பழையது உடனே போய்விடாது. புதியது மக்கர் செய்தால் பழையதைக் கொண்டு இயக்கலாம் என்ற முன்யோசனை. ஒரு கெர்னல், துணைக் கோப்புகளோடு சேர்ந்து, சுலபமாக நூறு எம்.பி.யைத் தொடும். நாலைந்து சேர்ந்தால் அறை நிரம்பிவிடும். அடுத்த அப்டேட் பாதியில் நிற்கும்.

இதற்கு ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ என்ற கட்டளை இருக்கிறது. (எஸ், யு, டி, ஓ என்பது சூடோ, ஏ, பி, டி என்பது ஆப்ட்.) இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலையும் புதியதையும் விட்டுவிட்டுத் தேவையற்றதை அதுவே நீக்கும். அழிக்கும் முன் பட்டியல் காட்டிச் சம்மதம் கேட்கும். படித்துப் பார்த்த பிறகே ‘ஒய்’ அழுத்துங்கள். அந்த அறைக்குள் நுழைந்து கையால் கோப்புகளை அழிப்பவர்கள், இயங்கும் கெர்னலையே அழித்துவிட்டு மறுநாள் காலை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். அறை முழுவதும் நிரம்பி ஆட்டோரிமூவும் வேலை செய்யவில்லை என்றால், அங்கேயே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரை அழைப்பது நல்லது.

நிரம்பியது பெரிய அறை என்றால், ‘சூடோ ஆப்ட் கிளீன்’ கட்டளை, இறக்கி வைத்த பழைய நிரல் பொட்டலங்களை நீக்கும். இதில் ஆபத்து ஏதுமில்லை. குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். ‘டெலிட்’ அழுத்தியவுடன் இடம் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் அநேகம். சரக்கைக் கடையிலிருந்து பின்கட்டுக்குத் தள்ளிய கதைதான் அது.

அடுத்தது நடப்புக் குறிப்புகள், அதாவது ‘லாக்’ கோப்புகள். கம்ப்யூட்டர் தன் தினசரிச் சிட்டையை எழுதிக்கொண்டே இருக்கிறது. லினக்ஸின் முக்கியச் சிட்டை தன் அளவைத் தானே 4 ஜி.பி.க்குள் வைத்துக்கொள்ளும். மற்றவை அப்படி அல்ல. பழுதான ஒரு யு.எஸ்.பி. கருவி ஒரே புகாரை நொடிக்குப் பல முறை எழுதவைத்து, ஒரே இரவில் டிஸ்க்கை நிரப்பிவிடக்கூடும். அப்போது சிட்டையை அழித்தால் மட்டும் போதாது, கருவியைக் கழற்ற வேண்டும். இன்னொன்று: ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நாம் அழித்தால், பெயர் மறையுமே தவிர இடம் திரும்பாது. அந்த நிரல் அதை விடும்வரை இடம் அதன் கணக்கில்தான். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் இடம் கிடைத்துவிடும்.

லாக் என்று பெயர் இருப்பதை எல்லாம் அழித்துவிடவும் கூடாது. சொந்தக் கம்ப்யூட்டரிலேயே மைஎஸ்க்யூஎல், மரியாடிபி போன்ற தரவுத்தளத்தை வைத்துப் பில் போடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். அந்தத் தரவுத்தளத்தின் ஃபோல்டரில் ‘லாக்’ என்ற சொல்லோடு பெரிய பெரிய கோப்புகள் இருக்கும். அவை குப்பை அல்ல. வரவு செலவு சேதமில்லாமல் இருக்க அவைதான் காவல். டிஸ்க் நிரம்பினால் மைஎஸ்க்யூஎல் எழுத முடியாமல், இடம் கிடைக்கட்டும் என்று காத்து நிற்கும். பில் திரை உறைந்தது போலத் தெரியும். வேறெங்காவது இடம் ஏற்படுத்திக் கொடுத்தால் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். பதறிப்போய் அதன் கோப்புகளை அழித்தால் தொடர எதுவும் இருக்காது.

நகல் எங்கே போகிறது?

நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். தினமும் இரவு கணக்கு நகல் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போகும்படி யாராவது ஏற்பாடு செய்து கொடுத்திருப்பார்கள். லினக்ஸில் வெளி டிஸ்க் என்பது ஒரு ஃபோல்டர் போலவே தோன்றும். டிஸ்க்கைச் செருகினால் அந்த ஃபோல்டருக்குள் டிஸ்க் தெரியும். செருகாவிட்டாலும் ஃபோல்டர் இருக்கும்! ஒயர் தளர்ந்து டிஸ்க் கழன்ற அன்றும் நகல் வேலை நிற்காமல் நடக்கும். ஆனால் அது கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே எழுதப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. நாளடைவில் டிஸ்க் நிரம்பும், அப்டேட் நிற்கும். அதற்கும் மேலாக, மூன்று மாத நகல்கள் அசல் இருக்கும் அதே டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும். அந்த டிஸ்க் போனால் அசலும் நகலும் ஒன்றாகப் போகும்.

இதைக் கண்டுபிடிப்பதும் கடினம். வெளி டிஸ்க்கை மறுபடி செருகியதும், தவறான இடத்தில் எழுதியவை அதன் அடியில் மறைந்துபோகும். அறை நிரம்பியிருக்கிறது என்று ஒரு கணக்கு சொல்லும். உள்ளே உள்ள கோப்புகளைக் கூட்டினால் அவ்வளவு வராது. கல்லாவில் இருக்கும் பணமும் சிட்டையும் ஒத்துப்போகாத நிலை. இப்படி இருந்தால், வெளி டிஸ்க்கை முறைப்படி ‘அன்மவுண்ட்’ செய்து கழற்றிவிட்டு, அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே கோப்புகள் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அவற்றை உடனே அழிக்காமல் முதலில் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே நீக்க வேண்டும். வெளி டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் எழுதும்படி நகல் நிரலை மாற்றித் தருமாறு, அதைச் செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள். ஒரு வரி வேலை.

சில சமயம் இடம் இருக்கும், ஆனாலும் ‘இடம் இல்லை’ என்று வரும். லட்சக்கணக்கில் சிறு கோப்புகளை உருவாக்கும் நிரல்களால் வருவது இது. கிடங்கில் இடம் உண்டு, ஆனால் இருப்புப் பதிவேட்டில் எழுத வரி இல்லை. முன்பு சொன்ன டி.எஃப். கட்டளையில் எச்-க்குப் பதில் ஐ என்று அடித்தால் வரிகளின் நிலவரம் தெரியும். கடைகளில் இது அபூர்வம்.

திரையே வராவிட்டால்

டிஸ்க் முழுக்க நிரம்பினால், கடவுச்சொல்லைச் சரியாக அடித்தாலும் உள்ளே விடாமல் மறுபடி மறுபடி கடவுச்சொல்லே கேட்கும் நிலை வரலாம். தற்காலிகக் கோப்பு எழுதக்கூட இடம் இல்லாததே காரணம். கணக்கு போய்விட்டது என்று கலங்க வேண்டியதில்லை. வழக்கமாகப் பயன்படுத்தும் ‘எக்ஸ்ட்4’ முறையில் டிஸ்க்கின் 5 சதவீதம் நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 500 ஜி.பி.யில் அது 25 ஜி.பி. நிர்வாகி நுழைந்து சரிசெய்ய அந்த இடம் போதும்.

உபுண்டுவில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ‘ஷிஃப்ட்’ அல்லது ‘எஸ்கேப்’ விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதன் கீழ் ‘ரெக்கவரி மோட்’ இருக்கும். அதற்குள் ‘கிளீன்’ என்பது இடம் ஏற்படுத்த முயலும், ‘டி.பி.கே.ஜி.’ என்பது பாதியில் நின்ற அப்டேட்டைச் செப்பனிடும். முதலில் கிளீன், பிறகு மற்றது. இடமில்லாமல் செப்பனிட முடியாது என்பதால் இந்த வரிசை.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அன்றைக்கே டி.எஃப். கட்டளையையும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை போதாது. மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும் நாளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த அறையாவது 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அப்டேட் கொடுக்கும் முன் அதைக் கவனியுங்கள். 90 என்றால், அன்று இரவே கணக்கை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். மற்ற வேலைகளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.