பீப்பாயில் 20 வருஷம் தூங்கும் ஒயின்! 'பாஸ்' போடுவது மூக்குதான்!!

போர்ச்சுக்கல் நாட்டில் டூரோ என்று ஓர் ஆறு. அது கடலில் கலக்கும் இடத்தில் ஒரு கரையில் போர்ட்டோ நகரம். எதிர்க்கரையில் வில்லா நோவா டி காயா. அங்கே ஓட்டுக்கூரை போட்ட நீள நீளமான கிடங்குகள். உள்ளே ஒரே இருட்டு. வரிசை வரிசையாக மரப்பீப்பாய்கள்.

பீப்பாய்க்குள் தூங்குவது 'டானி போர்ட்' என்ற இனிப்பு ஒயின். டானி என்றால் பழுப்பு நிறம்.

திராட்சைச் சாறு பொங்கிப் புளித்துக்கொண்டிருக்கும்போதே அதில் வீரியமான திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். புளிப்பது நின்றுவிடும். சர்க்கரை மிச்சப்படும். தித்திப்பு அதனால்தான். போதையும் லேசுப்பட்டதல்ல. சாதாரண ஒயினில் 100-க்கு 12, 13 பங்கு என்றால் இதில் 20!

தேவதைகள் குடிக்கிறார்கள்!

மரத்தின் வழியே வருஷத்துக்கு 100-க்கு 2 பங்கு ஒயின் ஆவியாகிப் போய்விடும். இதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். 550 லிட்டர் பீப்பாயை அப்படியே விட்டால் 20 வருஷத்தில் சுமார் 180 லிட்டர் மாயம்! தேவதைகள் மகா குடிகாரர்கள் போலிருக்கிறது.

மிச்சம் இருப்பதுதான் சரக்கு. சிவப்பு மங்கிப் பழுப்பாகும். பழவாசனை போய் வாதுமை, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், காய்ச்சிய சர்க்கரை வாசனை ஏறும்.

லேபிளில் 10, 20, 30, 40 என்று வயசு போட்டிருக்கும். பாட்டிலில் உள்ள ஒவ்வொரு சொட்டுக்கும் அதே வயசு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! கிழடும் இளசும் கலந்த கலவை அது. எந்தப் பீப்பாயில் எவ்வளவு எடுப்பது என்பதைக் கலப்பவரின் மூக்கும் நாக்கும் தீர்மானிக்கும்.

அதோடு விட்டதா? ஒயின் வாரியத்தில் ருசி பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. யார் சரக்கு என்று சொல்லாமல் கிளாசை நீட்டுவார்கள். '20 வயசு ருசி இதில் இல்லை' என்று அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் அவ்வளவுதான். அந்த வயசை லேபிளில் போட முடியாது. தாத்தா போட்ட முதல், பேரன் காலத்தில் ஒரு வாய் ருசியில் தொங்குகிறது!

ஐஸ் போடாதே!

இத்தனை பாடுபட்டு வந்த பாட்டிலைப் பாழாக்க அஞ்சு நிமிஷம் போதும். புழுக்கமான அலமாரியில் வைத்து அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் மூக்கைத் துளைக்கும். குளிர்பெட்டியில் வைத்து 12 முதல் 16 டிகிரிக்குள் இருக்கும்போது ஊற்ற வேண்டும். ஐஸ் கூடவே கூடாது.

பாட்டிலை நிறுத்தியே வைக்கலாம். கார்க்கைக் கையாலேயே திருகி எடுத்துவிடலாம். 'வின்டேஜ்' போர்ட்டைப் போல வண்டல் வடிகட்டும் வேலையும் இல்லை. வண்டல் எல்லாம் பீப்பாயோடு போச்சு!

வாய் குறுகிய சின்ன ஒயின் கிளாசில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். மீதி இடம் வாசனைக்கு. மூக்கை உள்ளே விடாமல் சற்றுத் தள்ளி முகர வேண்டும். பிறகு ஒரு சின்ன மிடறு. நாக்கில் நிறுத்தி விழுங்கினால் ருசி நெடுநேரம் நிற்கும். மடக் மடக்கென்று கவிழ்க்கும் ஆசாமிகளுக்கு இது சரிப்படாது. துணைக்கு வறுத்த வாதுமையோ காரமெல் புட்டிங்கோ இருந்தால் படு ஜோர்.

இன்னொரு சங்கதி. பாட்டிலில் அடைத்ததும் வயசு ஏறுவது நின்றுவிடுகிறது. 40 வயசுச் சரக்கை மேலும் 20 வருஷம் பூட்டி வைத்தால் 60 ஆகிவிடாது! பாட்டிலில் அடைத்த வருஷம் லேபிளில் இருக்கும். அதைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். திறந்த பாட்டில் குளிரில் ஒரு மாதம் தாங்கும்.

இங்கிலாந்து விருந்துகளில் போர்ட் பாட்டில் இடப்பக்கமாகத்தான் சுற்றும். ஒருவர் அதைத் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டால் 'தள்ளுங்கள்' என்று கேட்பது மரியாதை இல்லையாம். 'நார்விச் பிஷப்பைத் தெரியுமா?' என்பார்கள். விஷயம் புரிந்தவர் பாட்டிலை நகர்த்துவார். 'தெரியாதே' என்று முழித்தால், 'ரொம்ப நல்லவர், பாட்டிலை நகர்த்த மட்டும் மறந்துவிடுவார்' என்று பதில் வரும்!