ஸ்போர்ட்ஸ் செடானின் சஸ்பென்ஷன்: விறைப்பும் தணிப்பும்

1998-ஆம் ஆண்டு ஜெர்மனியில் அறிமுகமாகி, இ46 என்ற குறியெண்ணால் வழங்கும் பி.எம்.டபிள்யூ. 3 வரிசை செடான், வளைவுகளில் துல்லியமாகத் திரும்புவதற்குப் பெயர் பெற்றது. பழசாகிவிட்ட அவ்வண்டியின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களுக்கும் உடற்கூட்டுக்கும் இடையே நின்று சாலையின் மேடுபள்ளங்களை வாங்கிக்கொள்ளும் அமைப்பை, மேம்படுத்த விரும்புவோர் பலர் முதலில் நாடுவது குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகளையே. வண்டி தாழ்ந்து நிற்பது பார்வைக்கு எடுப்பாக இருக்கலாம். ஓட்டத்துக்கு அது பெரும்பாலும் தவறான தொடக்கம்.

ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்த எடை நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடுகிறதோ அதுவே அதன் இயல் அதிர்வெண். சாதாரணக் கார்களில் ஏறத்தாழ 1 முதல் 1.5 வரை இருக்கும் இது, ஸ்போர்ட்ஸ் வகைகளில் 2-ஐ நெருங்கும். விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே அதிர்வெண் மாறுவதால், விறைப்பை இரு மடங்காக்கினாலும் அது சுமார் 1.4 மடங்குதான் உயரும். ஆகவே, மாற்றியமைத்த கார்களில் உணரப்படும் முரட்டுத்தனத்துக்கு ஸ்பிரிங்கை மட்டும் குறை சொல்ல முடியாது.

உண்மையான வேலை நடப்பது ஷாக் அப்சார்பருக்குள். எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஓடும் பிஸ்டனில் நுண்துளைகளும், அவற்றை மூடியபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய எஃகு வட்டுகளும் உள்ளன. வளைவில் வண்டி மெல்லச் சாயும்போதும் பிரேக் பிடிக்கையில் மூக்கு தாழும்போதும் பிஸ்டன் நிதானமாக நகர, எண்ணெய் சிறு கசிவுவழியில் பிதுங்கிச் சென்று அசைவை அடக்குகிறது. பள்ளத்தில் சக்கரம் சடாரென விழுந்தெழும்போதோ அழுத்தம் வட்டுகளை வளைத்துத் திறந்துவிடுவதால் அதிர்ச்சி உடற்கூட்டுக்கு முழுமையாக ஏறுவதில்லை. மெதுவான அசைவுக்கு உறுதியும் விரைவான அசைவுக்கு நெகிழ்வும் தருகிற இந்த அமைப்பினால்தான், பிடியும் சொகுசும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே காரில் இருக்க முடிகிறது. விறைத்த ஸ்பிரிங்கோடு தேய்ந்த பழைய ஷாக்கைச் சேர்த்தால், மேட்டைக் கடந்த பின்னும் உடற்கூடு இரண்டு மூன்று முறை துள்ளும். டயரின் பிடியும் அதனோடு ஏறி இறங்கும்.

அளவுக்கு மீறித் தாழ்த்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இ46-இன் முன்பக்கத்தில் உள்ள, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், உடற்கூடு எந்தக் கற்பனைப் புள்ளியைப் பற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம், வண்டியின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் சாய்க்கும் விசைக்கு நெம்பு கிடைக்கிறது. தாழ்த்திய பயனில் ஒரு பகுதி இப்படியே கரைந்துபோகும்.

சாய்வைக் குறைக்க இடவலச் சக்கரங்களை இணைக்கும் முறுக்குத் தண்டு இருக்கிறது. கெட்டியான தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 20 மி.மீ. தண்டை 22 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும். பின்பக்கத் தண்டை மட்டும் தடிமனாக்கினால், பின்சக்கர இயக்கமுள்ள இக்கார் ஈரச் சாலையில் வால் வீசத் துணியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியவை, சக்கரங்களை உடற்கூட்டோடு இணைக்கும் கீழ்க்கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள். அவை நைந்திருந்தால் எந்த விலையுயர்ந்த ஷாக்கும் ஸ்டியரிங்கின் தடுமாற்றத்தைத் தீர்க்காது. புதிய புஷ்களைப் பொருத்தும்போது, சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதும் முடுக்காமல், வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகே இறுதியாக முடுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று விரைவில் கிழியும். உயரம் மாறியதும் சக்கரங்களின் கோணங்களும் மாறிவிடுவதால், வீல் அலைன்மென்ட்டையும் அதற்குப் பின்னரே செய்ய வேண்டும்.