ஒரு பாடகியின் முதல் தட்டுகள்

ஜாஸ் இசை என்றதும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆலயப் பாடல்களிலும் உழைப்புப் பாடல்களிலும் வேர்விட்டு வளர்ந்த இசை அது. அதன் தலைசிறந்த பாடகியருள் ஒருவர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு. (எல்லா என்பது இங்கே பெயர், நம் மொழிச் சொல்லன்று!) 1935 முதல் 1941 வரை டெக்கா நிறுவனத்திற்காக அவர் பாடிய பாடல்களை, ஜி.ஆர்.பி. நிறுவனம் 1992, 1993 ஆம் ஆண்டுகளில் இரு தொகுப்புகளாகக் குறுந்தட்டில் மீண்டும் வெளியிட்டது. புகழ்பெற்ற சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுக்காமல், பதிவான கால வரிசையிலேயே பாடல்களை அடுக்கியிருக்கிறார்கள். இதுவே அத்தொகுப்புகளின் சிறப்பு என்பேன்.

எல்லா 1917 இல் பிறந்தவர். 1932 இல் தாயை இழந்தார். அனாதை விடுதி, சீர்திருத்தப் பள்ளி, பின் நியூயார்க்கின் ஹார்லம் தெருக்கள் என்று வாழ்க்கை அலைக்கழித்தது. 1934 நவம்பரில் அப்போலோ அரங்கில் நடந்த புதியவர் போட்டிக்கு அவர் சென்றது நடனமாடத்தான். தமக்கு முன் ஆடிய சகோதரிகளின் திறமையைக் கண்டு அஞ்சி, மேடையேறியபின் பாடத் தீர்மானித்தார். தாம் விரும்பிக் கேட்ட கானி பாஸ்வெல் என்ற பாடகியைப் போலவே பாட முயன்றார். முதற்பரிசு 25 டாலர் கிடைத்தது.

அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டவர் சிக் வெப். சிறு வயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கூன் விழுந்து, வளர்ச்சி குன்றியவர். ஆனால் டிரம்ஸ் வாசிப்பில் மன்னர். ஒழுங்கான உடைகூட இல்லாத பெண்ணைக் கண்டு அவரும் முதலில் தயங்கினார். 1935 ஜூன் 12 இல் எல்லாவின் குரல் முதன்முறையாகத் தட்டில் ஏறியது. வயது 18.

அக்காலத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அந்த அரக்கில் பெரும்பகுதி நம் இந்தியக் காடுகளிலிருந்து சென்றது! ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமே அடங்கும். இத்தகைய பழைய தட்டைப் புதிதாக்குவது எளிதன்று. ஊசி உராயும் இரைச்சலை அளவுமீறி நீக்கினால் குரலின் பளபளப்பும் உடன் போய்விடும். சுழலும் வேகம் சிறிது கூடினாலோ சுருதி ஏறி, இளம்பெண்ணின் குரல் குழந்தைக் குரலாகிவிடும்.

பாடல்களுக்கு வருவோம். பல, அன்றைய சந்தைக்காக அவசரமாக எழுதப்பட்டவை. சொல்லில் சுவை குறைவு. முதல் தட்டுகளில் குரல் இனிமையாக இருந்தாலும், தாளத்தோடு ஒட்டி நடக்கவே அஞ்சுவதுபோல் தோன்றும். 1936 இல் பதிவான "மிஸ்டர் பகனினி"யில் அந்த அச்சம் தளர்கிறது. பொருளற்ற அசைகளை வைத்து, நம் தில்லானாவில் வருவதுபோல, விளையாடிப் பார்க்கிறார். 1945 இல் "ஃப்ளையிங் ஹோம்" தட்டில் உலகம் வியந்த அவரது கலைக்கு வித்து இங்கேயே கிடக்கிறது. சிறந்தவற்றை மட்டும் கேட்பவருக்கு இது புலப்படாது.

1938 மே மாதம் பதிவானது "எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்". வட்டமாக அமர்ந்து, ஒருவர் பின்னால் துணியைப் போட்டுவிட்டு ஓடும் ஆட்டம் நமக்கும் தெரியுமல்லவா? அதைப்போன்ற ஆட்டத்திற்கு அமெரிக்கச் சிறுமியர் பாடிய பாட்டு அது. அதைக் குழுவின் பாடலாக்கலாம் என்ற யோசனை எல்லாவினுடையது. வான் அலெக்சாண்டர் இசையமைப்பில் உதவினார். தொலைந்த மஞ்சள் கூடையைப் பற்றிய அந்தச் சின்னஞ்சிறு பாட்டு நாடெங்கும் ஒலித்தது. வீடில்லாமல் திரிந்தவர் 21 வயதில் புகழ்பெற்றார்.

இரண்டாம் தொகுப்பைக் கேட்பவர்கள் 1939 ஆம் ஆண்டுப் பாடல்களை ஊன்றிக் கேட்க வேண்டும். அவ்வாண்டு ஜூன் 16 இல் சிக் வெப் காலமானார். அதன்பின் வரும் தட்டுகளில் டிரம்ஸ் வாசிப்பவர் வேறொருவர். குழுவின் பெயரோ எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு. ஆண்களே நிறைந்த அக்குழுவுக்குத் தலைமையேற்றபோது அவருக்கு வயது 22.